அப்பா செய்த கப்பல்

ஷெர்லி மிஸ் அனுப்பிய குரல்செய்தியை அமலன் துறைமுகத்துக்குள்ளே, சுங்க அதிகாரிக்காகக் காத்து நின்ற நேரத்தில் கேட்டான். அவன் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். யாருக்காவது காத்து நிற்பதுதான் அந்த வேலையில் பெரும்பகுதி. அதனால் மகள் ஸ்டெபியின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும் எதையும் அவன் தவறவிடுவதில்லை.

"டியர் பேரன்ட்ஸ்," என்றது மிஸ்ஸின் குரல். "கிறிஸ்மஸுக்கு நம்ம மூணாங்கிளாஸ் பிள்ளைங்க, ஸ்கூல்ல வேலை பாக்குறவங்களுக்கு ஆளுக்கு ஒரு கிஃப்ட் கொடுக்கப் போறாங்க. யாருக்கு யாருன்னு சீட்டு எடுத்தாச்சு. பிள்ளைங்களே சொந்தமா செய்யணும். வீட்டுல கெடக்குற சாமான் போதும். கடையில வாங்க வேண்டாம். சிம்பிளா இருக்கட்டும். பேரன்ட்ஸ் தயவுசெஞ்சு கை வைக்காதீங்க."

கடைசி வாக்கியத்தை மிஸ் இரண்டு தடவை சொன்னார். காரணம் இருந்தது. போன வருஷம் 'என் வீடு' என்று பிள்ளைகளைச் செய்துவரச் சொன்னபோது, வந்த வீடுகளில் ஒன்றுக்கு மாடிப்படிக் கைப்பிடி எவர்சில்வரில் இருந்தது.

சாயங்காலம் அமலன் வீட்டுக்குப் போனபோது ஸ்டெபி பீரோவின் கீழ்த்தட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தாள். வீட்டில் அந்த வாரம் அவர்கள் இருவர்தான். அவன் மனைவி கிளாடிஸ், தன் தங்கச்சியின் பிரசவத்துக்காகத் தாய்வீடான மணப்பாட்டுக்குப் போயிருந்தாள்.

"என்னளா தேடுத?"

"ஒங்க சாக்ஸ்ப்பா. ஹார்பருக்குப் போட்டுட்டுப் போவீங்கல்ல, நீளமா. அதுல பழசு."

"எதுக்கு?"

"வேன் அண்ணாச்சிக்குப் பாம்பு செய்யப் போறேன்."

ஸ்டெபியின் சீட்டில் வந்திருந்தது பள்ளி வேன் ஓட்டும் விஜயராஜின் பெயர். அவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையைத் திருப்பிப் பிள்ளைகளை எண்ணுவார். எண்ணிவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு "யம்மா" என்பார். அவருக்கு நேர் பின்சீட்டில் உட்காரும் ஸ்டெபி இரண்டு வருஷமாக அந்தக் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறாள். சாக்ஸில் பஞ்சை அடைத்துப் பாம்பு மாதிரி நீளமாகச் செய்துவிட்டால், அவர் அதைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்பது அவள் திட்டம்.

"கிறிஸ்மஸுக்குப் போயி யாராவது பாம்பு கொடுப்பாங்களா?" என்றான் அமலன்.

"வெஷம் இல்லாத பாம்புப்பா."

சரி, என்னமும் செய்துவிட்டுப் போகட்டும் என்றுதான் அவன் முதலில் நினைத்தான். டீயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து போனைப் பார்த்ததில்தான் வினை வந்தது. குழுவில் ஒரு படம் வந்திருந்தது. அனுப்பியவர் கிருபாகரன், ஒரு வங்கியில் மேலாளர், நாசரேத்துக்காரர். படத்தில் இரண்டடி உயரத்துக்கு ஒரு கலங்கரை விளக்கம். சிவப்பு வெள்ளைப் பட்டை, இரும்பு ஏணி, உச்சியில் சுற்றிச் சுற்றி எரியும் விளக்கு. பக்கத்தில் அவர் மகன் ஜெனோ, யாருடைய வீட்டுக் கல்யாணத்திலோ மாட்டிக்கொண்டவனைப்போல நின்றிருந்தான். 'ஜெனோவின் எளிய முயற்சி' என்று கீழே எழுதியிருந்தார் கிருபாகரன். வரிசையாகக் கட்டைவிரல்கள் முளைத்திருந்தன.

அமலன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஏணிக்கு எத்தனை படி என்றுகூடத் தெரிந்தது. அவன் தாத்தாவும் அவருக்கு முந்தியவர்களும் கடலில் கிடந்தவர்கள். கடலில்லாத ஊரில் சிவந்த தேரிமணலைப் பார்த்து வளர்ந்த நாசரேத்துக்காரர் கலங்கரை விளக்கம் கொண்டுவருவார். கடற்கரையிலேயே பிறந்த வீட்டிலிருந்து பழைய சாக்ஸ் போகுமா?

"ஸ்டெபி, நாம கப்பல் செய்வோம்," என்றான்.

"எனக்குப் பாம்பு போதும்ப்பா. மிஸ் நாங்களேதான் செய்யணும்னு சொன்னாங்க."

"நீதானளா செய்யப்போற. நான் சும்மா கூட நிக்கேன்."

மறுநாள் அமலன் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், வலை உதறும் இடத்தில் கழித்துப் போட்டிருந்த சிப்பிகளையும் சின்னச் சங்குகளையும் ஒரு சாக்கு நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்தான். வெயிலில் காய்ந்து வெளுத்தவற்றை அவன் தொடவில்லை. அன்றைக்குக் காலையில் கடலிலிருந்து வந்த, பளபளப்புக் குறையாத சிப்பிகளாகவே பார்த்து எடுத்தான். அந்தப் பளபளப்புக்குக் காரணமான உயிர் பலவற்றுக்குள் இன்னும் இருந்தது.

சிப்பி கொண்டுவந்ததைச் சொன்னதும் போனில் கிளாடிஸ் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"அவிச்சியளா?"

உள்ளே இருக்கும் சதை கழன்று போக அவித்து, கழுவி, நன்றாகக் காயவைக்காமல் சிப்பியை வீட்டுக்குள் ஏற்றக்கூடாது என்பது அந்தக் கரையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அமலனுக்கும் தெரியும். ஆனால் அவித்தால் பளபளப்புப் போய்விடும் என்று நினைத்தான். காயவைக்க நேரமும் இல்லை.

"அதெல்லாம் ஆச்சு," என்றான். குழாய்த் தண்ணீரில் ஒரு தடவை காட்டியிருந்தான்.

கப்பல் வளர்ந்தது. அட்டையில் உடல், தெர்மகோலில் மேல்தளம், அதன்மேல் இண்டு இடுக்கு இல்லாமல் சிப்பிகள். சங்குகளைக் குப்புற நிறுத்திப் புகைபோக்கி செய்தான். தீப்பெட்டிகளுக்கு வர்ணம் அடித்துக் கன்டெய்னர்களாக அடுக்கினான். கடைசியில் எல்லாவற்றின்மேலும் வார்னிஷ் பூசினான். மூன்றடி நீளம் வந்துவிட்டது. மூக்குப் பக்கத்தில் 'எம்.வி. ஸ்டெபி' என்று எழுதினான். ஸ்டெபியின் பங்கு, பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அதிலும் கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, டப்பாவ ஸ்டூல் மேல வச்சிட்டுப் போகட்டா?" என்று கேட்டாள். அவன் கவனிக்கவில்லை. அவள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமலனுக்கு மூக்கு வேலை செய்யாது. கொரோனாவில் படுத்து எழுந்தபோது போன வாசனை, மற்றவர்களுக்குத் திரும்பியதுபோல அவனுக்குத் திரும்பவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள் என்று பயந்து முதலில் சொல்லவில்லை. பயம் தெளிந்த பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கிளாடிஸ் கேட்பாளே என்று சொல்லவில்லை. அப்புறம் சொல்லாமல் இருப்பதே பழகிப்போனது. மற்றவர்கள் மூக்கைச் சுளித்தால் அவனும் சுளிப்பான். மற்றவர்கள் "ஆகா" என்றால் அவனும் "ஆகா" என்பான். நாட்கள் போகப் போக, தனக்கு வாசனை தெரியாது என்பதே பல நேரம் அவன் நினைவில் இருப்பதில்லை.

இரண்டாம் நாள் ஸ்டெபி துப்பட்டா ஒன்றை மூக்கில் கட்டிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, கப்பல் நாறுது."

அமலன் குனிந்து உறிஞ்சிப் பார்த்தான். வழக்கம்போல ஒன்றுமில்லை. தெரியவில்லை என்று சொல்ல முடியாது.

"கடல் சாமான்னா கடல் மணம் இருக்கத்தான் செய்யும். ஒங்க மணப்பாட்டுத் தாத்தா வீட்டுல இதவிட மணக்கும்."

"இது அந்த மணம் இல்லப்பா."

அவன் பீரோவைத் திறந்து, கப்பல்காரர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்திருந்த வெளிநாட்டு சென்ட்டை எடுத்துக் கப்பல்மேல் தாராளமாக அடித்தான். அதற்குப் பிறகு ஸ்டெபி சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் வாசலில் பூனைகள் இருந்தன. ஒன்றல்ல, தெருப் பூனைகள் முழுவதும். மதில்மேல், செருப்பு வைக்கும் இடத்தில், ஸ்கூட்டர் சீட்டில். எல்லாம் முன்னறை ஜன்னலைப் பார்த்தபடி, கோயிலில் பூசைக்குக் காத்திருப்பதுபோல அமைதியாக உட்கார்ந்திருந்தன. கிளாடிஸ் தினமும் மீன்தலை போட்டுப் பழக்கியிருக்கிறாள், ஆள் இல்லாமல் ஏங்கிப்போய்விட்டன என்று அமலன் முடிவு செய்தான். ஊரிலிருந்து வந்ததும் அவளைக் கண்டிக்க வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டான்.

அன்றைய கிறிஸ்மஸ் விழாவுக்கு அமலன் இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினான். கப்பலை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்கள். கொஞ்ச தூரம் போனதும் ஆட்டோக்காரர் திரும்பினார்.

"அண்ணாச்சி, மீன்கூடைய சவாரி வண்டியில ஏத்தப்படாது."

"மீன் இல்ல வே. கப்பல்."

ஆட்டோக்காரர் கப்பலைப் பார்த்தார், பிறகு அமலனைப் பார்த்தார். மீதித் தூரத்துக்குத் தலையை வெளியே நீட்டியபடியே ஓட்டினார்.

பள்ளிக்கூடத்தின் பெரிய ஹாலில் மேசைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். எளிமையாக இருக்கட்டும் என்று மிஸ் சொன்னதை யாரும் கேட்கவில்லை. தோட்டக்காரருக்குத் தண்ணீர் கொட்டும் அருவி வந்திருந்தது. சமையல்கார அம்மாவுக்கு ஒரு தையல் மெஷின், முழுக்கத் தீக்குச்சியில். வாட்ச்மேனுக்குக் கிருபாகரனின் கலங்கரை விளக்கம், பேட்டரி வேண்டாம் என்று நேராகச் சுவர் பிளக்கில் செருகப்பட்டு நின்றது. அதற்கு அடுத்த மேசையில் அமலன் எம்.வி. ஸ்டெபியை இறக்கினான்.

அவன் எதிர்பார்த்ததைவிடப் பெரிய வரவேற்பு. கப்பலுக்கு அருகே வந்த ஒவ்வொருவரும் சட்டென்று நின்றார்கள். பேச்சை நிறுத்தினார்கள். பிறகு மரியாதையாக இரண்டடி பின்வாங்கி, தள்ளி நின்று பார்த்தார்கள். பெரிய கலைப்பொருள்களைத் தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள் என்று அமலன் கேள்விப்பட்டிருக்கிறான். ஷெர்லி மிஸ் முந்தானையால் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு வந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"ரொம்ப... ரொம்ப நேச்சுரலா இருக்கு சார்," என்றார்.

"எல்லாம் பிள்ளையோட உழைப்பு மிஸ்."

கிருபாகரன் கைக்குட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு, கலங்கரை விளக்கத்தின் மேசையை வயர் இழுபடும் மட்டும் அந்தப் பக்கம் நகர்த்தினார். தோற்றுப்போனது மனுசனுக்குத் தாங்கவில்லை என்று அமலனுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்த் தாங்கள் செய்ததைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். முதலில் ஜெனோ.

"இது லைட் ஹவுஸ்," என்றான். "ஆறுமுகநேரி ஆசாரி வந்து செஞ்சாங்க. கரெண்டு வேலை எங்கப்பா. நான் தொடப்படாதுன்னு சொல்லிட்டாங்க."

கிருபாகரன் கைக்குட்டையை முகம் முழுவதற்கும் விரித்துக்கொண்டார். வாட்ச்மேன் பரிசைப் பிளக்கிலிருந்து பிடுங்கத் தெரியாமல் அது எரிகிற இடத்திலேயே நின்று ஏற்றுக்கொண்டார்.

அடுத்து ஸ்டெபி. அமலன் கப்பலைத் தூக்கிக் கொடுக்கத் தயாராக நின்றான். அவள் கப்பலிடம் வரவில்லை. பள்ளிப் பையைத் திறந்து, கறுப்பாக நீளமாக ஒன்றை வெளியே இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது. ஒரு முனையில் இரண்டு சட்டைப் பொத்தான்கள் கண்ணாக, சிவப்பு ரிப்பன் நாக்காக.

"இது பாம்பு," என்றாள். "வேன் அண்ணாச்சி கழுத்து வலிக்குன்னு சொல்லுவாங்க. அதுக்காகச் செஞ்சேன். இதுக்கு ரெண்டு சாக்ஸும் ஒரு தலையணையும் வேணும். சாக்ஸ் எங்கப்பாது. தலையணையும் எங்கப்பாது."

இரண்டு நாளாகக் காலையில் எழும்போது தன் தலை பாயைத் தொட்டுக்கொண்டு கிடந்ததன் காரணம் அமலனுக்கு விளங்கியது.

"அப்போ அந்தக் கப்பல்?" என்று கேட்டார் மிஸ்.

"அது எங்கப்பா செஞ்சாங்க மிஸ். நான் டப்பா பிடிச்சேன்."

ஹாலில் எழுந்த சிரிப்பு சுவரில் முட்டித் திரும்பியது. சிரித்ததில் முக்கால்வாசி தகப்பன்மார். நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தால் அவர்களும் சிரித்திருக்க முடியாது. விஜயராஜ் குனிந்து கழுத்தைக் கொடுத்தார். ஸ்டெபி பாம்பை இரண்டு சுற்றுச் சுற்றித் தலையை முன்பக்கம் தொங்கவிட்டாள். அவர் கழுத்தை மெதுவாக இடதுபக்கம் சாய்த்தார், வலதுபக்கம் சாய்த்தார், கண்ணை மூடினார்.

"சொகமா இருக்கு தாயி," என்றார்.

வேனில் கூட வரும் ஆயா பகவதி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சிவபெருமானாட்டம் இருக்கிய. ஒரு மாட்டுமேல ஏறி உக்காந்தாச் சரியாப்போவும்."

விஜயராஜ் நல்ல மனுசர். அமலன் முகம் வாடிப்போய் நிற்பதைப் பார்த்துவிட்டு, "கப்பலும் எனக்குத்தானே சார், கொடுங்க," என்று இரண்டு கையாலும் வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய் வேனுக்குள் வைத்துக் கதவைப் பூட்டினார். காலையில் தூறியதால் வேன் ஜன்னல்கள் எல்லாம் ஏற்றிவிடப்பட்டிருந்தன. சற்று நேரத்தில் மேகம் விலகி, மழை விட்ட பிறகு வரும் அந்தச் சுள்ளென்ற வெயில் அடித்தது. ஹாலில் பிள்ளைகள் பாட்டுப் பாடி, கேக் தின்று, பேச்சுக் கேட்டு முடிய நெடுநேரம் ஆனது. அதுவரைக்கும் எம்.வி. ஸ்டெபி பூட்டிய வேனுக்குள் வெந்தது.

வீட்டுக்குப் போகும் நேரத்தில் விஜயராஜ் வேன் கதவைத் திறந்தார். திறந்த கையோடு பின்னால் நடந்து வந்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார். முதலில் ஏறப்போன பிள்ளை ஏறிய காலை அப்படியே இறக்கியது. "உள்ள யாரோ செத்துக் கெடக்காவ," என்று ஒருவன் அலற, வரிசை மொத்தமும் கலைந்து ஓடியது. பகவதி இரண்டு பிள்ளைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஹாலுக்குள் போனாள்.

"என்ன, என்ன?" என்று அமலன் வந்தான்.

"சார், வேன்ல..." என்றார் ஷெர்லி மிஸ். அதற்குமேல் வாயைத் திறக்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

அமலன் வேனுக்குள் தலையை விட்டான். ஏறி நடுவில் போய் நின்றான். நெஞ்சு நிறைய இழுத்து மூச்சு வாங்கினான். சீட்டுக்கு அடியில் குனிந்தும் பார்த்தான். பிறகு வாசலில் வந்து நின்று, "ஒண்ணும் இல்லையே," என்றான்.

மைதானத்தில் மூன்றாம் வகுப்பு முழுவதும் வாயைப் பிளந்து அவனைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஜெனோ ஸ்டெபியிடம், "உங்கப்பா சூப்பர்மேனா?" என்று கேட்டான்.

கிருபாகரன்தான் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். பக்கத்தில் என்றால், எட்டடி தள்ளி.

"சார், தப்பா எடுத்துக்கிடாதீங்க. உங்களுக்கு வாசனை தெரியாதோ?"

அமலன் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான். எதிரே ஸ்டெபி நின்றாள். துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை. பூனைகள் ஞாபகம் வந்தன. ஆட்டோக்காரர், மிஸ்ஸின் கலங்கிய கண், பின்வாங்கிப் பின்வாங்கிப் பார்த்த ஜனம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவன் முன்னால் வந்து நின்றன.

"கொரோனாவுல போச்சு சார்," என்றான். "வரவே இல்ல. யார்ட்டயும் சொல்லல."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. ஸ்டெபி வந்து அவன் விரலைப் பிடித்துக்கொண்டு, "நான் நாறுதுன்னு சொன்னேன்ல," என்றாள். கோபம் இல்லாமல், ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோலத்தான் சொன்னாள்.

"சொன்ன மக்ளே. எனக்குத் தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பிள்ளைகளை வீட்டில் சேர்க்கும் பொறுப்பைக் கிருபாகரன் எடுத்துக்கொண்டார். தன் காரில் இரண்டு நடை அடித்தார்; மீதிப் பேரைப் பகவதி ஆட்டோக்களில் ஏற்றிப் போனாள். அமலன் கால்சட்டையை மடக்கிவிட்டுக் கப்பலை மைதானத்து ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்தான். பிறகு பினாயில் வாளியும் துடைப்பமுமாக வேனுக்குள் ஏறினான். அந்த வேலைக்கு அவனைவிடத் தோதான ஆள் ஊரில் கிடையாது. வெளியே நின்று குழாயைப் பிடிக்க, நடை முடிந்து திரும்பிய கிருபாகரன் வந்துசேர்ந்தார். வேப்பமர நிழலில் விஜயராஜ் நாற்காலியில் சாய்ந்து, பாம்பின் தலையை நெஞ்சில் போட்டுக்கொண்டு குறட்டை விட்டார்.

"அந்த ஆசாரி மூணு நாள் எங்க வீட்டுல சாப்பிட்டாரு சார்," என்றார் கிருபாகரன், தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே. "ஜெனோ களிமண்ணுல ஒரு நாய் செய்யறேன்னுதான் சொன்னான். வாட்ச்மேனுக்குத் துணைக்கு."

"நல்ல யோசனைதானே."

"ஆமா. இப்பத்தான் தெரியுது."

சீட்டை இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கிளாடிஸிடமிருந்து போன் வந்தது. பகவதியின் போனிலிருந்து ஸ்டெபி அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். கிளாடிஸ் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அப்போ போன ஈஸ்டருக்கு நான் கருவாட்டக் கருக்கினப்ப, மணம் தூக்குதேன்னு சொன்னிய."

"ம்."

"பால் திரிஞ்சுபோன காப்பிய ரெண்டாவது தம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சிய."

"ம்."

"நான் எனக்குக் கைப்பக்குவம் வந்துட்டுன்னு மணப்பாடு முழுக்கச் சொல்லிட்டுத் திரியுதேன்."

அமலன் துடைப்பத்தைக் கீழே வைத்தான். மறுமுனையில் ஏதோ சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று பயந்து போனைக் காதோடு அழுத்தினான். கிளாடிஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

"இத்தன நாளாத் தனியா வச்சிட்டு இருந்தீயளே. என்கிட்டச் சொன்னா என்ன," என்றாள். "ஞாயித்துக்கெழம வாரேன். திங்கக்கெழம மூக்கு டாக்டர்ட்ட போவோம். அதுவரைக்கும் பிள்ள நாறுதுன்னா, நாறுதுதான். எதுத்துப் பேசாதீய."

மறுநாள் காலையில் அமலன் பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டு, தம்ளரில் ஊற்றுவதற்கு முன் பாத்திரத்தை ஸ்டெபியிடம் நீட்டினான். அவள் பல் தேய்த்த வாயைத் துடைத்துக்கொண்டு குனிந்து மோந்து பார்த்தாள்.

"நல்லாருக்கு, குடிக்கலாம்," என்றாள். "ஆனா நேத்து வேன் கழுவுன அந்தச் சட்டைய மாத்திட்டுப் போங்கப்பா."